வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருந்தும் அப்பாவுக்கு நுரையீரல் தொற்று: கீமோவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மேலூர்_மகள்

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 64. பி செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஆர்-சாப் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. நான்கு சுற்று முடிந்துவிட்டது. கழுத்தில் இருந்த கட்டிகள் கரைந்தன, இடையில் எடுத்த ஸ்கேனும் நன்றாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விடலாம் என்று நினைத்த நேரத்தில் அவருக்கு வறட்டு இருமல் தொடங்கியது. சளியே வரவில்லை. மாலையானால் 99, 100 என்று லேசாகக் காய்ச்சல் எட்டிப் பார்க்கும். உட்கார்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறார். பாத்ரூம் வரை போய் வந்தால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார், சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச முடியவில்லை.

பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். பெரிதாக ஒன்றுமில்லை என்று இருமல் மருந்து கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு 6,200. கீமோ டாக்டரிடம் போனதும் அவர் அப்பாவை வராண்டாவில் கொஞ்சம் நடக்கச் சொல்லி விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டினார். 96 இருந்தது 87க்கு இறங்கிவிட்டது. அன்றே சிடி ஸ்கேன். இரண்டு பக்க நுரையீரலிலும் வெள்ளைப் புகைமூட்டம். நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம் என்று அட்மிட் செய்துவிட்டார்கள். நாளை மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி.

கவுண்ட் இறங்கினால்தான் தொற்று வரும், கவுண்ட் நன்றாக இருந்தால் பயமில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். கவுண்ட் நன்றாக இருக்கும்போது இது எப்படி வந்தது? சொந்தக்காரர்கள் மாட்டுத்தொழுவம், கிணற்றுத் தண்ணீர், நான் வைத்த ரசம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அம்மா தன்னால்தான் என்று அழுகிறார். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.


நெஞ்சக_மருத்துவர்_நெல்லை

சகோதரி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: தொழுவம், கிணறு, ரசம் எதுவும் காரணமில்லை. நிமோசிஸ்டிஸ் காற்றின் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகும் பூஞ்சை. நம்மில் பெரும்பாலோர் சின்ன வயதிலேயே அதைச் சந்தித்திருப்போம். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவரின் நுரையீரலில் அது தலையெடுக்க முடியாது, அவ்வளவுதான்.

கவுண்ட் விஷயத்துக்கு வருகிறேன். வார்டில் நாங்கள் கவுண்ட் என்று சொல்வது பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற ஒரே வகை வெள்ளணுவைத்தான். நுரையீரலின் பாதுகாப்பு அதோடு முடிவதில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்முடிகள் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டிக் காற்றுப் பைகளுக்குள் போகும் கிருமியை அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் செல் விழுங்கும். அதற்குச் சமாளிக்க முடியாமல் போனால் அது ஆள் கூப்பிடும், ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் வந்து குவியும். பாக்டீரியாவையும் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளையும் அடிப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். நிமோசிஸ்டிஸ், காசநோய்க் கிருமி, சில வைரஸ்கள் போன்றவற்றை அடக்கி வைப்பது டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களின் வேலை. நிமோகாக்கஸ் மாதிரி மேலுறை போர்த்திய பாக்டீரியாவுக்கு பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் தயாரிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் வேண்டும்.

எந்த மருந்து இதில் யாரை அடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கிருமி வரும் என்பது. அப்பாவின் ஆர்-சாப்பில் ஐந்து மருந்துகள், இங்கே முக்கியமானவை நான்கு. சைக்ளோபாஸ்ஃபமைடும் டாக்ஸோரூபிசினும் எலும்பு மஜ்ஜையை அடிக்கும், நியூட்ரோஃபில் இறங்கும், பிறகு ஏறிவிடும். ரிடக்சிமாப் பி செல்களை ஏறக்குறைய முழுவதுமாகத் துடைத்துவிடும், அவை திரும்பி வர 6 முதல் 12 மாதம் ஆகும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு டி செல்களையும் மேக்ரோஃபேஜையும் மந்தமாக்கும். நியூட்ரோஃபிலை மட்டும் பார்த்துவிட்டுப் பயமில்லை என்பது, வாசல் கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி.

அந்த ரத்த ரிப்போர்ட்டில், டி செல்லும் பி செல்லும் அடங்கிய லிம்ஃபோசைட் என்ற வரியில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்ல முடியுமா?


மேலூர்_மகள்

டாக்டர், நியூட்ரோஃபில் 85, லிம்ஃபோசைட் 6 சதவீதம். இதை யாரும் எங்களிடம் சுட்டிக்காட்டவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நாள்தானே போட்டார்? அதற்கே இவ்வளவு பாதிப்பா?


நெஞ்சக_மருத்துவர்_நெல்லை

6,200-ல் 6 சதவீதம் என்றால் சுமார் 370. ஆரோக்கியமான பெரியவருக்கு 1,000-க்கு மேல் இருக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை அழகாக இருக்கிறது, உள்ளே ஒரு பிரிவு மட்டும் காலி. இதுதான் ஏமாற்றும்.

ஐந்து நாள்தான், ஆனால் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், 21 நாளுக்கு ஒருமுறை. தொடர்ந்து போடும்போது 20 மில்லிகிராம், நான்கு வாரம் என்ற அளவைத் தாண்டினாலே நிமோசிஸ்டிஸை மனதில் வையுங்கள் என்பது எங்கள் பாடம். இவருக்கு அதோடு சைக்ளோபாஸ்ஃபமைடும் ரிடக்சிமாபும் சேர்ந்திருக்கின்றன. ரிடக்சிமாப் அடிப்பது பி செல்லை, நிமோசிஸ்டிஸை அடக்குவதோ டி செல், பிறகு ஏன் என்று கேட்கலாம். எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: இந்தப் பூஞ்சையை அடையாளம் காட்டி டி செல்களைப் பழக்குவதில் பி செல்லுக்கும் பங்கு உண்டு. ஒன்றை எடுத்தால் மற்றதும் தடுமாறும்.

உங்கள் கீமோ டாக்டர் நடக்க வைத்து ஆக்சிஜன் பார்த்தாரே, அதற்காக அவருக்கு ஒரு வணக்கம். சளியில்லாத வறட்டு இருமல், எக்ஸ்ரே சுத்தம், நடந்தால் ஆக்சிஜன் விழுவது. இந்த மூன்றும் சேர்ந்தால் நிமோசிஸ்டிஸ் என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். காய்ச்சல் 100-ஐத் தாண்டாததற்கும் ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம், அது காய்ச்சலையே அமுக்கிவிடும்.


உயிரியல்_மாணவன்

நோயெதிர்ப்பியலில் ஆய்வு மாணவன் நான். டாக்டர் சொன்னதற்குப் பின்னால் உள்ள கதையைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடம் ஒரே நாளில் கிடைத்ததில்லை.

கீமோ பிறந்ததே வெள்ளணுக்கள் அழிவதைப் பார்த்துத்தான். முதல் உலகப் போரில் கடுகு வாயு தாக்கியவர்களின் ரத்தத்தில் வெள்ளணு இல்லாமல் போவதை 1919-லேயே பதிவு செய்தார்கள். அந்த வாயுவின் உறவுக்காரச் சேர்மமான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-ல் லிம்ஃபோமா நோயாளிக்கு முதல்முறை செலுத்தினார்கள். அப்பாவுக்குப் போகும் சைக்ளோபாஸ்ஃபமைடு அதே குடும்பம். 1966-ல் ஜெரால்ட் போடி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ரத்தப் புற்று நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, நியூட்ரோஃபில் எவ்வளவு இறங்குகிறதோ, எத்தனை நாள் அப்படியே கிடக்கிறதோ அவ்வளவு தொற்று என்று எண்ணிக் காட்டினார்கள். இன்று எல்லா வார்டிலும் சொல்லும் 500 என்ற எல்லைக்கோட்டுக்கு வேர் அங்கேதான்.

ஆனால் அதே காலத்தில் ரத்தப் புற்று குணமாகிவரும் குழந்தைகள், நியூட்ரோஃபில் ஓரளவு இருக்கும்போதே, மூச்சுத் திணறி இறந்தார்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் வால்டர் ஹியூஸ் 160 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் மறுபாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்தார். 1977-ல் முடிவு வெளிவந்தது. வெற்று மருந்து வாங்கிய 80 பேரில் 17 பேருக்கு நிமோசிஸ்டிஸ். மருந்து வாங்கிய 80 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற அதே மாத்திரை. பத்து ஆண்டு கழித்து, வாரத்துக்கு மூன்று நாள் போட்டாலே போதும் என்றும் அவரே காட்டினார். 1981-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்து எய்ட்ஸ் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் உலகம் இதன் பெயரைத் தெரிந்துகொண்டது. புற்றுநோய் வார்டுகளுக்கு அதற்கு முன்பே இது பழகிய எதிரி.


டேகேர்_சிஸ்டர்

கீமோ டே கேரில் செவிலியராக இருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் கவுண்டை அலட்சியம் செய்துவிடக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வீட்டில் தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 100.4 தொட்டாலே எங்களுக்கு ஃபோன் செய்யச் சொல்கிறோம். 101 என்றால் ஃபோனும் வேண்டாம், நேராகக் கிளம்புங்கள். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே உள்ளவருக்கு முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைப்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம். காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி ஏறிக்கொண்டே இருக்கும்.

கேஷுவாலிட்டி வாசலில் முதல் வாக்கியமே "கீமோ போய்க்கொண்டிருக்கிறது, கடைசி டோஸ் இன்ன தேதி" என்று இருக்கட்டும். இல்லையென்றால் சாதாரண வைரல் ஜுரம் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். மருந்துகளின் பெயர் உள்ள ஃபைல் பக்கத்தை ஃபோனில் படமெடுத்து வையுங்கள்.

இன்னொன்று. நியூட்ரோஃபில் இல்லாதவருக்கு நிமோனியா இருந்தாலும் சளி வராது, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கலாம். சளியின் பச்சை நிறமும் எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளையும் பெருமளவு நியூட்ரோஃபில் குவிவதால் உண்டாகிறவை. கவுண்ட் ஏறத் தொடங்கும் நாளில்தான் திடீரென்று எக்ஸ்ரே மோசமாகும், மூச்சும் வாங்கும். கவுண்ட் ஏறுகிறதே, ஏன் இப்படி என்று வீட்டார் பதறுவார்கள். வந்து சேர்ந்த செல்கள் வேலையைத் தொடங்கியிருக்கும். அந்த இரண்டு மூன்று நாள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்வோம்.

கவுண்ட் ஊசி என்று எல்லோரும் சொல்லும் ஃபில்கிராஸ்டிம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஏற்றுவது நியூட்ரோஃபிலை மட்டும். டி செல்லையோ பி செல்லையோ அது திருப்பிக் கொண்டுவராது. கவுண்ட் ஊசி போட்டாச்சு, இனி ஒன்றும் வராது என்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.


வைகைக்கரை

சகோதரி, அப்பா சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்கிறேன். மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது என்றால் அதைக் கூட்ட வழி பார்க்கலாமே? என் மாமனாருக்கு ஆடாதோடையும் கபசுரக் குடிநீரும் தொடர்ந்து கொடுத்தோம், சளித் தொல்லையே இல்லை. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன? நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறேன்.


நெஞ்சக_மருத்துவர்_நெல்லை

நல்ல எண்ணம்தான் ஐயா, பலரும் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. என் பதில்: கீமோ முடியும் வரை வேண்டாம்.

இங்கே நடந்திருப்பது பொதுவான பலவீனம் இல்லை. ரிடக்சிமாப், சிடி20 என்ற குறி உள்ள பி செல்களைத் தேடிப் பிடித்து அழித்திருக்கிறது. மஜ்ஜை புதிதாகச் செய்து அனுப்பும் வரை அவை இல்லை. இல்லாத செல்லை எந்தக் கஷாயமும் எந்த வைட்டமினும் தூண்ட முடியாது. இது ஆங்கில மருந்துக் கடையில் விற்கும் இம்யூனிட்டி பூஸ்டர்களுக்கும் சேர்த்துத்தான்.

கீமோ மருந்துகள் பலவும் கல்லீரல் வழியாகத்தான் உடைகின்றன. நடுவில் கல்லீரல் நொதிகள் ஏறினால் கீமோவாலா கஷாயத்தாலா என்று பிரித்தறிய வழியிருக்காது, அடுத்த டோஸ் தள்ளிப்போகும். மேலும், காய வைத்த மூலிகைப் பொடிகளில் ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் இருக்கக்கூடும். நமக்கு அது ஒன்றும் செய்யாது, கீமோ நுரையீரலுக்குச் செய்யும். சிகிச்சை எல்லாம் முடிந்தபின் உங்கள் சித்த மருத்துவரிடமும் புற்றுநோய் மருத்துவரிடமும் சேர்த்துப் பேசுங்கள்.


ஓய்வுபெற்ற_கோவைவாசி

ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு நாட்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்று. ஊசி கீமோ கிடையாது, இப்ருடினிப் மாத்திரை. மாத்திரைதானே, கீமோ இல்லையே என்று நானும் வீட்டில் எல்லோரும் தைரியமாக இருந்தோம். முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை, கவுண்ட் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டில் பழைய காரைச் சுவரை இடித்து மாடி எடுத்தார்கள். திண்ணையெல்லாம் தூசி. சில வாரத்தில் இருமலில் கோடு மாதிரி ரத்தம் வந்தது. சிடியில் வலது நுரையீரலில் ஒரு உருண்டை, அதைச் சுற்றி மங்கலான வளையம். டாக்டர் அந்த வளையத்தை எனக்கு ஸ்க்ரீனில் காட்டி, பூஞ்சை ரத்தக்குழாயைத் துளைத்து உள்ளே போகும்போது சுற்றிலும் கசியும் ரத்தம்தான் அது என்றார். இப்ருடினிப்பை நிறுத்திவிட்டு வோரிகோனசோல் மாதக்கணக்கில் எடுத்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். தூசிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் டாக்டரே சொன்னார், இந்த வித்து எல்லாக் காற்றிலும் இருக்கிறதாம்.

நியூட்ரோஃபில் சரியாக இருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் வராது என்றால் எனக்கு ஏன் வந்தது?


உயிரியல்_மாணவன்

ஐயா, உங்கள் கேள்வி என் துறையில் பலரைத் தூங்க விடாத கேள்வி.

இப்ருடினிப் அடைப்பது பிடிகே என்ற புரதத்தை. அதில் உள்ள முதல் எழுத்து ஆக்டன் புரூட்டன் என்ற ராணுவ மருத்துவரின் பெயர். நிமோகாக்கஸ் தொற்று மீண்டும் மீண்டும் வந்த 8 வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற ஆன்டிபாடிப் புரதமே இல்லை என்று 1952-ல் எழுதியவர் அவர். அந்தப் பையனின் நோய்க்குக் காரணமான புரதம் 1993-ல்தான் அகப்பட்டது. அது இல்லாவிட்டால் பி செல்கள் வளர்வதில்லை. அதனால் பி செல் புற்றுக்கு அதையே அடைத்தால் என்ன என்று வந்த மருந்து உங்கள் மாத்திரை. அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது.

ஆனால் பிடிகே பி செல்லில் மட்டும் இல்லை. மேக்ரோஃபேஜிலும் நியூட்ரோஃபிலிலும் இருக்கிறது. பூஞ்சையைத் தொட்டுணர்ந்து தாக்கும் சங்கிலியில் அதுவும் ஒரு கண்ணி. அதாவது செல்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும், செயலில் குறைந்துவிடுகின்றன. ரத்தப் பரிசோதனை எண்ணுவது தலைகளை மட்டும்தானே. மூளையில் தோன்றும் லிம்ஃபோமாவுக்கு இப்ருடினிப்போடு கீமோவும் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்த ஒரு சோதனையில் 18 பேரில் 39 சதவீதம் பேருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் வந்தது. 2017-ல் வெளியான ஆய்வு. அவர்களுக்கு ஸ்டீராய்டும் கூட இருந்தது என்பதை மறக்கக் கூடாது. மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு ஆபத்து இதைவிட மிகக் குறைவு.

புதிர் எங்கே என்றால், பிறவியிலேயே பிடிகே இல்லாத குழந்தைகளுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் அவ்வளவாக வருவதில்லை. பிறப்பிலிருந்தே இல்லாதபோது உடல் வேறு வழி தேடிக்கொள்கிறதா, அல்லது இப்ருடினிப் பிடிகேயோடு வேறு சில புரதங்களையும் சேர்த்து அடைப்பதாலா? இரண்டுக்கும் ஆதரவாக வாதம் உண்டு. இரண்டாவதில் விஷயம் அதிகம் என்பது என் எண்ணம்.


வல்வெட்டித்துறை_தங்கை

வணக்கம். யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதிறன். அண்ணாவுக்கு நுரையீரல் புற்றுநோய், கொழும்பிலை பெம்ப்ரோலிசுமாப் ஊசி ஏத்தினவை. இது கீமோ மாதிரி இல்லை, உடம்பின்ரை எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிப் புற்றுநோயை அடிக்கிற மருந்து எண்டு சொன்னவை. கொஞ்ச மாதம் நல்லா இருந்தார். பிறகு இருமலும் இழைப்பும். முதல் தொற்று எண்டு அன்டிபயாட்டிக் குடுத்தவை, சுகம் வரேல்லை. மூச்சுக்குழாய்க்குள்ளை கமரா விட்டுப் பார்த்திட்டு இப்ப நல்ல அளவு ஸ்டீராய்ட் குடுக்கினம்.

எனக்கு விளங்காத விசயம் இதுதான் டொக்டர். எதிர்ப்பைக் கூட்டிற மருந்து குடுத்திட்டு, இப்ப ஏன் எதிர்ப்பை அடக்கிற மருந்து? தொற்று இருந்தா அது கூடிடாதோ?


நெஞ்சக_மருத்துவர்_நெல்லை

தங்கச்சி, நல்ல கேள்வி. அண்ணனின் மருத்துவர்கள் ஸ்டீராய்டுக்கு முன் பிராங்கோஸ்கோபி செய்து பார்த்தது சரியான வரிசை.

டி செல்லில் பிடி-1 என்று ஒரு தடுப்பு இருக்கிறது. போதும், நிறுத்து என்று சொல்லும் தடுப்பு. புற்றுச் செல் அதை அழுத்தித் தப்பித்துக்கொள்கிறது. பெம்ப்ரோலிசுமாப் அந்தத் தடுப்பை எடுத்துவிடும். அப்போது சிலருக்கு டி செல்கள் சொந்த நுரையீரலையே தாக்கத் தொடங்கும். ஆய்வுகளில் நூற்றில் 3 முதல் 5 பேருக்கு இது வந்திருக்கிறது. கிருமியே இல்லாத நிமோனியா இது, நியூமோனைட்டிஸ் என்போம். சிடியில் தொற்றும் இதுவும் ஒரே மாதிரி தெரியும். அதனால்தான் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பாக்டீரியா, காசநோய், நிமோசிஸ்டிஸ் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டீராய்டு கொடுப்பது. சில நேரம் நோயாளியின் மூச்சு காத்திருக்காது, இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டி வரும்.

பிளியோமைசின், எவரோலிமஸ், டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான், ஓசிமெர்டினிப் போன்ற மருந்துகளும் கிருமியில்லாமலே நுரையீரலைப் புண்ணாக்க வல்லவை. கீமோ நோயாளியின் இருமலுக்கு நாமாகவே கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடக் கூடாது என்று நான் சண்டை போடுவது இதற்காகவும்தான்.

ஸ்டீராய்டைப் படிப்படியாக, நான்கு முதல் ஆறு வாரமோ அதற்கு மேலோ எடுத்துத்தான் இறக்குவார்கள். அந்தக் காலம் முழுக்க நிமோசிஸ்டிஸுக்குக் கதவு திறந்தே இருக்கும். கோட்ரைமாக்ஸசோல் தருகிறீர்களா என்று கேளுங்கள். அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, அவசியமான கேள்வி.

காசநோயையும் சொல்ல வேண்டும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். உங்கள் நாட்டில் இது மிகக் குறைவு, ஆனாலும் இருக்கிறது. டி செல்லை அவிழ்த்துவிட்டால் காசநோய் அடங்கும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. பிடி-1 இல்லாத எலிகள் காசநோயில் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் செத்தன. கிருமியைச் சுற்றி நுரையீரல் கட்டி வைத்திருக்கும் சின்ன முடிச்சுகளை, அளவு மீறிய டி செல் தாக்குதலே கெடுத்துவிடுகிறது. மனிதர்களிலும் இந்த ஊசிக்குப் பிறகு காசநோய் தலைதூக்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நல்லது என்ற நம் எண்ணத்தை இந்த நோய் ஒப்புக்கொள்வதில்லை.


மருந்தாளுநர்_திருச்சி

காசநோய் என்றதும் என் பங்கு. காச மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். அதோடு சேர்ந்தால் இப்ருடினிப்பின் அளவு ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இன்னொரு ரத்தப் புற்று மாத்திரையான இமாடினிப்பின் அளவு நாலில் ஒரு பங்காகும். பிரெட்னிசோலோனும் குறையும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், புற்று மெதுவாகத் திரும்பும்.

பூஞ்சை மருந்து வோரிகோனசோல் நேரெதிர். இப்ருடினிப்பை ஏற்றிவிடும், அதனால் நிறுத்துவார்கள் அல்லது மிகவும் குறைப்பார்கள். ஆர்-சாப்பில் உள்ள வின்கிரிஸ்டினோடு சேர்ந்தால் நரம்பு பாதிப்பும் குடல் அசைவு நின்றுபோகும் அளவு மலச்சிக்கலும் வரலாம். மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து எடுப்பவர்கள் கோட்ரைமாக்ஸசோலைத் தானாக வாங்கவே கூடாது, மஜ்ஜை சுருண்டுவிடும்.

ஆகவே நெஞ்சக மருத்துவரிடம் போகும்போது புற்றுநோய் மாத்திரையின் அட்டையையும், புற்றுநோய் மருத்துவரிடம் போகும்போது காச மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு பேரும் வேறு வேறு மருத்துவமனையில் இருந்தால் இந்த மோதலைப் பிடிக்க நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.


மேலூர்_மகள்

அப்பாவின் முடிவு வந்துவிட்டது. நுரையீரல் கழுவிய நீரில் சாதாரணச் சாயம் போட்டுப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை, பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனையில் நிமோசிஸ்டிஸ் பாசிட்டிவ். கோட்ரைமாக்ஸசோல் நரம்பு வழியாகப் போகிறது, மொத்தம் 21 நாள் என்றார்கள். ஆக்சிஜன் 6 லிட்டரிலிருந்து 2-க்கு வந்திருக்கிறது. இன்று காலை இட்லி கேட்டார்.

அந்த மாத்திரை இவ்வளவு மலிவு என்று இப்போதுதான் தெரிகிறது. முதல் சுற்றிலேயே ஏன் கொடுக்கவில்லை என்று மனம் கொதிக்கிறது. மீதி இரண்டு சுற்றுக் கீமோ என்ன ஆகும்?


நெஞ்சக_மருத்துவர்_நெல்லை

இட்லி கேட்டார் என்பதைப் படித்து மனம் நிறைந்தது.

கொதிப்பு நியாயம். அதே சமயம் உண்மை நிலவரத்தையும் சொல்கிறேன். லுக்கேமியா குழந்தைகளுக்கும் மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கும் இந்த மாத்திரை கட்டாயம் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. 21 நாள் இடைவெளி ஆர்-சாப்பில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் இரண்டு கட்சி உண்டு. வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களும் பொய்யில்லை: தோல் தடிப்பு, பொட்டாசியம் ஏறுவது, ஏற்கனவே தள்ளாடும் கவுண்ட் இன்னும் இறங்குவது. நான் கொடுக்கும் கட்சி. 60 வயதைத் தாண்டியவர், லிம்ஃபோசைட் குறைவு, 100 மில்லிகிராம் ஸ்டீராய்டு என்றால் யோசிக்கவே மாட்டேன். எச்ஐவி இல்லாதவருக்கு இந்த நிமோனியா வந்தால் வேகமாக முற்றும், உயிரிழப்பும் எச்ஐவி உள்ளவர்களைவிட அதிகம். சாயத்தில் தெரியாமல் பிசிஆரில் மட்டும் தெரிந்ததும் அதே காரணத்தால்தான். கிருமி குறைவு, நுரையீரலின் வீக்கம் அதிகம்.

மீதிச் சுற்றுகளைப் பற்றி உங்கள் கீமோ டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். நுரையீரல் தேறும் வரை தள்ளிவைப்பார், பிறகு தொடங்கினால் தடுப்பு மாத்திரையோடுதான் தொடங்குவார். கடைசி கீமோ முடிந்த மறுநாளே அந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, லிம்ஃபோசைட்டுகள் மீள மாதங்கள் ஆகும். கோட்ரைமாக்ஸசோல் ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்டோவாக்வோன், டாப்சோன் என்று மாற்று உண்டு. டாப்சோனுக்கு முன் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளதா என்ற பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள்.


மேலூர்_மகள்

நன்றி டாக்டர். கடைசியாக ஒரு சந்தேகம். தம்பிக்கு நான்கு மாதக் குழந்தை, எல்லோரும் ஒரே வீடு. அப்பா டிஸ்சார்ஜ் ஆகி வரும் முன் நாங்கள் ஏதாவது தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா? குழந்தையை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.


டேகேர்_சிஸ்டர்

குழந்தையை எங்கும் அனுப்ப வேண்டாம் அக்கா, அப்பாவுக்கு அதன் முகம் வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் இந்த ஆண்டுக்கான ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கையில் போடும் செயலிழந்த வைரஸ் ஊசி, மூக்கில் அடிக்கும் உயிருள்ள வைரஸ் மருந்து வேண்டாம். குழந்தைக்கு ஊசிகள் அட்டவணைப்படி போகட்டும், போலியோவுக்கு மட்டும் வாய்வழிச் சொட்டு மருந்து வேண்டாம், ஊசியாகவே போடச் சொல்லுங்கள். வீட்டில் கீமோ நோயாளி இருக்கிறார் என்று கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொன்னாலே அவருக்குப் புரியும். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் மட்டும் வேறு அறை. டயப்பரை அப்பா மாற்ற வேண்டாம்.

அப்பாவுக்கு உயிருள்ள தடுப்பூசி எதுவும் இப்போது கூடாது. ஃப்ளூ ஊசியும் நிமோகாக்கஸ் ஊசியும் கீமோ தொடங்க இரண்டு வாரம் முன்பே போடுவதுதான் நல்லது, அந்த வாய்ப்பு போய்விட்டது. பி செல் இல்லாத உடம்பில் ஊசி போட்டாலும் ஆன்டிபாடி சரியாக உருவாகாது. அதனால் நிமோகாக்கஸ் ஊசியைக் கடைசி ரிடக்சிமாப் முடிந்து ஆறு மாதம் கழித்துப் போடச் சொல்வார்கள். கடைசி ரிடக்சிமாப் போட்ட தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஃப்ளூ ஊசிக்கு அவ்வளவு காத்திருப்பதா, சீசன் வந்தால் முன்பே போட்டுவிடுவதா என்பதை டிஸ்சார்ஜ் அன்று கீமோ டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.